மர்பி டவுனும் ஹெட்போனும்: ஒரு சொல்லைக் கேட்ட கதை

அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள மர்பி டவுனில் முதியவர்களின் வாய்மொழி நினைவுகளைப் பதிவு செய்துவருகிறேன். ஒரு பழைய ஒலிநாடாவில் ஒரு மூதாட்டி பேசுகிறார்: ‘அந்த வருஷந்தான் ரேடியோவ எடுத்தோம்.’ ‘எடுத்தோம்’ என்கிறாரா, ‘கொடுத்தோம்’ என்கிறாரா? முதலாவதெனில் அவ்வீட்டுக்குள் ரேடியோ வந்தது, இரண்டாவதெனில் வெளியேறியது. நாடாவின் இரைச்சலில் சொல்லின் முதலெழுத்து மறைந்துவிட்டது. நான் ‘எடுத்தோம்’ என்றே கொண்டு ஓர் இயலின் பாதியை எழுதி முடித்திருந்தேன்.

ஐயம் தீர நல்ல ஹெட்போன் வாங்க எண்ணினேன். ஆய்வு உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் கொஞ்சமே. அதை ஹெட்போனில் இடுவதா, ஆம்ப்ளிஃபையருக்கும் பகிர்வதா? இந்தக் கேள்விக்கு நூறாண்டு வயது என்பது பின்னரே புலப்பட்டது.

ஊர்ப்பெயரைப் பற்றி ஒரு சொல். மர்பி ரேடியோவுக்கும் மர்பி டவுனுக்கும் தொடர்பில்லை. நாக்ஸ்பேட்டை என வழங்கிய இப்பகுதி, கன்டோன்மென்ட்டின் உழைப்பாளர் குடியிருப்பை 1920களில் வடிவமைத்த பொறியாளர் டபிள்யூ. எச். மர்பியின் பெயரைப் பெற்றது. ரேடியோ நிறுவனமோ 1929-இல் இங்கிலாந்தில் ஃபிராங்க் மர்பி என்பவர் இணைந்து தொடங்கியது.

குடியிருப்பு உருவான அதே காலத்தில்தான் தென்னிந்தியாவில் வானொலி பிறந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் உருவான மதராஸ் மாகாண ரேடியோ கிளப், 1924 ஜூலை 31-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927-இல் அது நின்றுபோக, 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அக்காலத்தில் மிக எளிய கருவி கிரிஸ்டல் செட். அதற்கு மின்கலமும் வேண்டாம், ஆம்ப்ளிஃபையரும் வேண்டாம். வான்கம்பியில் சிக்கும் அலையின் ஆற்றலே ஒலியாகும். அந்த அற்ப ஆற்றலை வீணாக்காதிருக்க, மெல்லிய கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றி, 2,000 ஓம் அளவும் அதற்கு மேலும் மின்மறுப்புடைய ஹெட்போன்களைச் செய்தனர். கைப்பணம் குறைந்தவரின் முதலீடு காதிலேயே இருந்தது.

ஆம்ப்ளிஃபையர் என்றால் அன்று வால்வு: எளிதில் உடையும், இறக்குமதியாகும், மின்கலங்களைத் தின்னும். பெங்களூருக்குச் சிவனசமுத்திரத்து மின்சாரம் 1905-இலேயே வந்துவிட்டது. ஆனால் நகரத்துக்கு மின்சாரம் வருவதும் கூலித் தொழிலாளி வீட்டுக்கு வருவதும் ஒன்றல்ல. வால்வுகள் தந்த வசதி, வீடே கூடியமர்ந்து கேட்கும் ஒலி. ஒருவர் காதில் ஒடுங்கியிருந்த வானொலி கூடத்துக்கு வந்தது. 1954-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1960களின் தொடக்கத்தில் வால்வுகளையும் டிரான்சிஸ்டர்களையும் இங்கேயே உற்பத்தி செய்யத் தொடங்கியது. பெருக்கும் ஆற்றலின் விலை படிப்படியாக இறங்கியது.

ஹெட்போனின் பாதை வேறு. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1937-இல் கொணர்ந்த டிடி 48, முதல் டைனமிக் ஹெட்போனாகக் கருதப்படுகிறது. 1968-இல் வந்த சென்ஹைசர் எச்டி 414 திறந்த அமைப்புடையது. அதன் மின்மறுப்பும் 2,000 ஓம்தான். 1979-இல் சோனி வாக்மேன் வந்தபோது கணக்கு தலைகீழானது: சிறு மின்கலங்களின் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இயங்க, மின்மறுப்புக் குறைந்த இலேசான ஹெட்போன்கள் தேவைப்பட்டன. இன்று கைபேசிக்கென விற்கப்படும் 32 ஓம் ஹெட்போன்கள் அந்த மரபின் வாரிசுகள்.

இனி என் கணக்கு. 1 மில்லிவாட்டில் 100 டெசிபல் தரும் ஹெட்போனில், இசையின் உச்சங்களுக்கு 110 டெசிபல் வேண்டுமெனில் 10 மில்லிவாட் தேவை. 32 ஓம் ஹெட்போனுக்கு இது ஏறத்தாழ 0.57 வோல்ட், 300 ஓம் ஹெட்போனுக்கு 1.73 வோல்ட். கைபேசியுடன் இணைக்கும் சிறு மாற்றிகள் பல ஏறத்தாழ 1 வோல்ட் தருபவை. ஆகவே முதலாவதற்குத் தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டியதில்லை. இரண்டாவதற்கு, உரத்துக் கேட்பவருக்கு மட்டும் வேண்டும். பேச்சைக் கேட்கும் எனக்கு இந்த உச்சமும் தேவையில்லை.

நண்பர் ஒருவரின் திறந்த அமைப்பு ஹெட்போனை இரவல் வாங்கி, முதலில் கணினியில் நேராகவும் பிறகு ஆம்ப்ளிஃபையர் வழியாகவும் அதே நாடாவைக் கேட்டேன். ஆம்ப்ளிஃபையர் மூதாட்டியின் குரலை உயர்த்தியது; இரைச்சலையும் அதே அளவு உயர்த்தியது. முதலெழுத்தைப் பிரித்துக் காட்டியது ஹெட்போன்தான். ககரம் தெளிவாகவே இருந்தது: ‘கொடுத்தோம்.’

ஆகவே பணம் முழுவதும் ஹெட்போனுக்கே. ஆம்ப்ளிஃபையர் பின்னர் வரலாம், வராமலும் போகலாம். அவ்வியலைத் திருத்தி எழுதுகிறேன். ஒரு வீட்டுக்கு ரேடியோ வந்த ஆண்டைத் தேடுகிற நாம், அது விற்கப்பட்ட அல்லது அடகுக்குப் போன ஆண்டைக் கேட்பதே இல்லை. கன்டோன்மென்ட் குடும்பங்களில் அத்தகைய நினைவு இருப்போர் எழுதுங்கள். பழைய ஒலிநாடாக்களைக் கொண்டு ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஐயமுள்ள சொல்லை ஐயத்தோடே எழுதிவையுங்கள், நான் செய்ததுபோல் முடிவு கட்டிவிடாதீர்கள்.