நாடியும் நாழிகையும்

நோயாளியின் மணிக்கட்டிலே மூன்று விரல்களை வைத்து, வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நிலையை உணர்ந்து கூறுவது நம் நாட்டு வைத்தியர்களின் மரபு. அதே மணிக்கட்டிலே இன்று சிறு கடிகாரம் ஒன்று அமர்ந்து, முதியோரின் இதயத் துடிப்பை இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கின்றது. மேனாட்டிலே நாடியை அளக்க முற்பட்ட முயற்சி இந்நிலையை அடைய நானூறு ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றின் சில படிகளை இங்கு நோக்குவோம்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செக்கன் காட்டும் கடிகாரம் வழக்கில் வராத காலத்தில், இத்தாலிய வைத்தியரான சந்தோரியோ என்பார் நூலொன்றிற் குண்டைக் கட்டி ஊசலாடவிட்டார். ஊசலின் ஆட்டமும் நாடியின் துடிப்பும் ஒத்துவரும்வரை நூலின் நீளத்தைக் கூட்டியுங் குறைத்தும் பார்த்தார். அந்த நீளமே நாடியின் அளவாயிற்று. நேற்றைய நாடியை இன்றைய நாடியோடு ஒப்பிட இதனால் வழி பிறந்தது. 1707இல் ஆங்கில வைத்தியர் யோன் புளோயர், ஒரு நிமிடம் ஓடும் கடிகாரமொன்றைச் செய்வித்து, நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என எண்ணும் முறையை நூலெழுதிப் பரப்பினார்.

ஒல்லாந்தின் லெய்டன் நகரிலே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வில்லெம் ஐந்தோவன் என்பார் இதயத்தின் மின்னசைவைப் பதிவுசெய்யும் கருவியை அமைத்தார். அதன் நிறை ஏறக்குறைய 600 இறாத்தல். அதனை இயக்க ஐவர் வேண்டும். நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ச் சாடிகளில் அமிழ்த்தியிருப்பார். அத்தகைய கருவியை நோயாளியிடங் கொண்டுசெல்வது எங்ஙனம்? வைத்தியசாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்திலிருந்த தம் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே துடிப்பை வரவழைத்தார் ஐந்தோவன். 1924இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

எனினும், ஒரு குறை எஞ்சியிருந்தது. நோயாளி அசையாதிருக்கும் சில நிமிடங்களையே இக்கருவி கண்டது. முதுமையில் தோன்றும் இதயக் கோளாறுகள் பலவோ வந்துவந்து மறைபவை. இதனை உணர்ந்தவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தவரான நோர்மன் ஹோல்ற்றர். 1940களின் பிற்பகுதியில் 85 இறாத்தல் நிறையுள்ள கருவியை முதுகிற் சுமந்து, நிலைத்து நிற்கும் துவிச்சக்கர வண்டியை மிதித்து, தம் இதயத்தின் பதிவை வானொலி அலை வழியே அனுப்பிக் காட்டினார். 1961இல் அவர் தம் முறையை விளக்கி எழுதியபோது கருவி எளிதிற் சுமக்கத்தக்கதாய்ச் சுருங்கியிருந்தது. வீட்டில் நடமாடும் மனிதரின் இதயம் அன்றுதான் வைத்தியருக்குப் புலனாயிற்று.

1970களில், தனித்து வாழும் முதியோர் அணியும் அழைப்புப் பொத்தான் அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் தோன்றிற்று. விழுந்தவர் அதனை அழுத்தினால் மறுமுனையில் ஒருவர் பதிலளிப்பார். 2018இல் அப்பிள் நிறுவனத்தின் கைக்கடிகாரம் மின்பதிவு எடுக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இசைவளித்தது. வீழ்ச்சியை உணர்ந்து தானே உதவி கோரும் ஆற்றலும் அக்கடிகாரத்துக்கு உண்டு.

இக்கருவிகள் தேடும் கோளாறுகளுள் முதன்மையானது இதய மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு. அதனால் இரத்தம் உறைந்து, உறைகட்டி மூளையை அடைந்தால் பாரிசவாதம் உண்டாகும். முன்னரே கண்டால் மருந்தினால் அவ்வாபத்தைப் பெரிதும் குறைக்கலாம். ஆயினும், கடிகாரத்தின் சொல்லே முடிவன்று. 2019இல் வெளியான ஆராய்ச்சியொன்றிற் பங்குகொண்டோர் 4,19,297 பேர். எச்சரிக்கை பெற்று, பின் மார்பிலே பதிவுக்கருவி அணிந்து அதனைத் திருப்பியனுப்பிய 450 பேருள், நூற்றுக்கு 34 பேரிடமே அக்கோளாறு அப்போது காணப்பட்டது. வந்து மறையும் நோயாதலின் ஏனையோர் நோயற்றவரென்றுந் துணிதற்கில்லை. வைத்தியரே ஆராய்ந்து கூறவேண்டும்.

பிள்ளைகள் கடல் கடந்து வாழ, பெற்றோர் தனித்திருக்கும் இல்லங்கள் நம்மிடையே பல. அவர்களுக்கு இத்தகைய கடிகாரத்தை அனுப்புவது நற்செயலே. அதனோடு, அது நள்ளிரவில் உதவி கோரினால் வாசலுக்கு வரக்கூடிய அயலவர் யார், எச்சரித்தால் அழைத்துச் செல்லவேண்டிய வைத்தியர் யார் என்பதையும் அன்றே பேசி முடிவுசெய்தல் வேண்டும். அழைப்புக்குச் செவிகொடுக்க ஆளில்லாத வீட்டிலே கருவி எத்துணை நுட்பமாக எண்ணினும் பயன் யாது?