மலைச் சப்பாத்தின் கதை

சப்பாத்தைப் பற்றியும் ஒரு பதிவா என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரியுங்கள். றெஸ்ரோரண்ட் குசினியில் நாளுக்குப் பத்து மணித்தியாலம் நிற்கிறவனுக்குக் காலைப் பற்றி யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

நான் இருப்பது சுவிசில். இங்கே பழைய சாமான் விற்கும் கடைகளுக்குப் போனால் ஒரு மூலையில் பழைய மலைச் சப்பாத்துகள் வரிசையாக இருக்கும். தடித்த மாட்டுத்தோல், சிவப்பு நூல்க்கயிறு, தூக்கினால் சோடி இரண்டு கிலோ வரும். போட்டவர் செத்தே போயிருப்பார், சப்பாத்து இன்னும் இருக்கும். பக்கத்திலேயே பத்து வருசம்கூட ஆகாத நவீன சப்பாத்து அடி பிளந்து கிடக்கும். அப்படியென்றால் பாரமானதுதான் நல்லதா? இந்தக் கேள்விக்காகத்தான் கொஞ்சம் வரலாற்றைத் தேடி வாசித்தேன். பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட பழக்கம், இப்போது இப்படித்தான் தீருகிறது.

முதலில் ஆணிக் காலம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதிவரை மலையேறுகிறவரின் சப்பாத்துக்கு அடியும் தோல்தான். தோல் ஈரப் பாறையிலும் பனியிலும் வழுக்கும். அதனால் அடியிலே இரும்பு ஆணிகளை நெருக்கமாக அடித்தார்கள். ஜெனீவாக்காரரான ஃபெலிக்ஸ் ஜெனெகான் என்ற மலையேறி, பல்லுப் பல்லாக விளிம்புள்ள உருக்கு ஆணி ஒன்றைக் கண்டுபிடித்தார். அவருடைய பட்டப்பெயரான 'திரிகூனி' என்பதே ஆணிக்கும் பெயராகி ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஆணி பிடிமானம் தந்தது உண்மை. ஆனால் இரும்பு, பனியின் குளிரை நேரே உள்ளங்காலுக்குக் கடத்தும். பாரமும் கூடும். அடிக்கடி ஆணி கழன்று விழும், திரும்ப அடிக்க வேண்டும்.

அந்தச் சப்பாத்துகள் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு எவரெஸ்டே சாட்சி. 1924இல் அங்கே காணாமற்போன ஜோர்ஜ் மலோரியின் உடலை 1999 மே மாதம் கண்டெடுத்தபோது ஒரு காலில் ஆணிச் சப்பாத்து இருந்தது. அவரோடு போன அன்ட்ரூ இர்வினுடைய பாதம் என்று கருதப்பட்டதை 2024இல் கீழே பனியாற்றில் கண்டார்கள். பெயர் தைத்த காலுறையும் ஆணி அடித்த தோல் சப்பாத்தும் அதோடு இருந்தன. நூறு வருசம்! மனிதர் போய்விட்டார், தோலும் ஆணியும் மிஞ்சின. உழைப்பு என்று பார்த்தால் இதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் சப்பாத்தின் வேலை தான் மிஞ்சுவதா, போட்டவரை மிஞ்ச வைப்பதா?

இந்தக் கேள்வி 1935இல் இத்தாலி - சுவிஸ் எல்லையில் உள்ள புன்தா ராசிக்கா என்ற சிகரத்தில் உயிரோடு விளையாடியது. மிலானைச் சேர்ந்த மலையேறிகள் குழு ஒன்று அங்கே போனது. அக்கால வழக்கப்படி ஆணிச் சப்பாத்தைக் கீழே கழற்றி வைத்துவிட்டு, பாறை ஏறுவதற்காக மெல்லிய அடியுள்ள இலேசான சப்பாத்தோடு மேலே போனார்கள். காலநிலை திடீரென்று மாறியது. பனிப்புயலில் அந்த மெல்லிய அடியோடு இறங்க முடியவில்லை. ஆறு பேர் குளிரிலும் களைப்பிலும் இறந்துபோனார்கள்.

உயிர் தப்பியவர்களில் ஒருவர் வித்தாலே பிரமானி. பாறைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று இரண்டு சப்பாத்து தேவைப்பட்டதுதான் இந்த ஆறு சாவுக்கும் ஒரு காரணம் என்று அவர் கண்டார். இரண்டுக்கும் ஒரே அடி வேண்டும். பிரெலி ரயர் கம்பனியின் உதவியோடு றப்பரில் ஆழமான பல்லுகள் வைத்து ஓர் அடியைச் செய்தார். 1937இல் அது வெளிவந்தது. இத்தாலிய மொழியில் அதற்கு இட்ட பெயர் 'கரார்மாத்தோ', அதாவது யுத்த ராங்கி. கம்பனிக்குத் தன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'விப்ரம்' என்று வைத்தார். 1954 யூலை 31இல் கே2 சிகரத்தில் முதன்முதலாக ஏறிய இத்தாலியர்களின் கால்களிலும் இந்த அடிதான் இருந்தது. இன்றைக்கு உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்து மலைநடைக்குப் போட்டுக்கொண்டு போகிற சப்பாத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பல்லுகளின் மூலம் ராசிக்காவில்தான் இருக்கிறது.

சரி, அந்தப் பழைய சப்பாத்து ஏன் அவ்வளவு காலம் உழைத்தது? தோல் தடிப்பு என்பது பாதி விடைதான். நல்ல மலைச் சப்பாத்தின் மேற்பகுதி இரண்டரை, மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள தோல். முடிந்தவரை ஒரே துண்டாக வெட்டுவார்கள், ஏனென்றால் தையல் உள்ள இடத்தால்தான் தண்ணீர் வரும், அந்த இடம்தான் முதலில் பிரியும். மற்றப் பாதி விடை அடியில் இருக்கிறது. மேற்தோலையும் அடியையும் பசையால் மட்டும் ஒட்டாமல், மெழுகு பூசிய தடித்த நூலால் வெளிப்பக்கம் தெரியத் தைத்தார்கள். அடி தேய்ந்தால் சப்பாத்துத் தைக்கிறவர் தையலை வெட்டி, பழைய அடியைக் கழற்றி, புது அடி வைத்துத் தைப்பார். அப்படி இரண்டு மூன்று தரம் செய்யலாம். ஆகவே அந்தச் சப்பாத்தின் ஆயுள் அதைத் திருத்தத் தெரிந்த ஒரு மனிதரின் கையில் இருந்தது.

இப்போது சுகத்துக்கு வருவோம். இங்கேதான் பழைய சப்பாத்தின் பெருமை அடிபடுகிறது. ஒரு காலத்தில் வலது இடது என்ற வேறுபாடே இல்லாமல் இரண்டு காலுக்கும் ஒரே வடிவில் சப்பாத்துத் தைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இது சாதாரணம். 1858இல் சூரிச் பேராசிரியர் ஹேர்மன் பொன் மையர் என்ற உடற்கூற்று அறிஞர், சப்பாத்தின் சரியான வடிவம் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். அவர் சொன்னது இன்றைக்குச் சாதாரண விசயம்: சப்பாத்து காலின் வடிவத்துக்கு வரவேண்டும், பெருவிரல் நேராக நீள இடம் வேண்டும். இதைச் சொல்ல ஒரு பேராசிரியர் தேவைப்பட்டிருக்கிறது!

தடித்த தோல் காலுக்குப் பழக வாரக்கணக்காகும். அதுவரை குதிக்கால் கொப்புளம் போடும். பழகிய பிறகு அந்தக் காலுக்கென்றே வார்த்ததுபோல இருக்கும், இதையும் மறுக்க முடியாது. ஆனால் பாரம் பழகாது. 1969இல் சூல், கோல்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். ஒரு கிலோவைக் காலில் கட்டிக்கொண்டு நடக்கச் செலவாகும் சக்தி, உடம்பின் சொந்த எடையில் ஒரு கிலோவுக்கு ஆகும் சக்தியைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு. தலையில் வைத்தாலோ கொஞ்சம்தான் கூட. எங்கள் ஊர்ப் பெண்கள் குடத்தையும் கடகத்தையும் ஏன் தலையில் வைத்தார்கள் என்று இப்போது விளங்குகிறதா?

பெரிய மலையேறிகளுக்கு இது முன்பே தெரியும். 1953 எவரெஸ்ட் பயணத்துக்குச் செய்த விசேட சப்பாத்தில் தடித்த தோலுக்குப் பதிலாக மெல்லிய தோலுக்குள் இலவம்பஞ்சை அடைத்தார்கள். ஆம், எங்கள் வீட்டுத் தலையணைக்குள் இருக்கும் அதே பஞ்சு. 1955இல் எம்மா கேற்வுட் என்ற 67 வயது அமெரிக்கப் பெண்மணி, பதினொரு பிள்ளைகளின் தாய், மூவாயிரம் கிலோமீற்றருக்கும் மேல் நீளமான அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். காலில் துணிச் சப்பாத்து! பல சோடி தேய்ந்து போனது, அவர் தேயவில்லை.

1970களின் இறுதியிலிருந்து இலேசான சப்பாத்துகள் சந்தையைப் பிடித்தன. துணியும் மெல்லிய தோலும், பசையால் ஒட்டிய அடி, நடுவிலே பொலியூரெதேன் என்ற மெத்தை. கால் நன்றி சொன்னது. ஆனால் அந்த மெத்தைக்கு ஒரு வியாதி உண்டு. காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அதை உடைக்கும். போடாமல் அலுமாரியில் பத்திரமாக வைத்தாலும் சில வருசத்தில் உதிரத் தொடங்கும். மலைக்கு நடுவில் அடி கழன்று போனால் நிலைமை என்ன என்று யோசியுங்கள். பழைய சப்பாத்தை எடுத்துப் போகுமுன் அடியை வளைத்துப் பார்ப்பது நல்லது.

என் முடிவு இதுதான். பாரம் வேறு, பலம் வேறு. நாங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம், அதுவும் எங்கள் சனம் எதை வாங்கினாலும் தூக்கிப் பார்த்துத்தான் தரம் சொல்லும். பனியிலும் கூரான கல்லிலும் பெரும் சுமையோடு பல நாள் நடக்கிறவருக்குப் பாரமான தோல் சப்பாத்து இன்றைக்கும் தேவை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு குன்றில் நடக்கிறவருக்கும், என்னைப்போல ஓடு பதித்த தரையில் நாள்முழுக்க நிற்கிறவருக்கும் காலுக்குச் சரியான அளவும் வழுக்காத அடியும்தான் முக்கியம்.

கடைசியாக ஒன்று. 'சப்பாத்து' என்ற சொல்லையே நாங்கள் போர்த்துக்கேயரிடம் வாங்கினோம். சொல்லை வாங்கினோம், சப்பாத்தை வாங்கினோம், ஆனால் அதைத் தைக்கிற மனிதரை ஊரிலே எந்த வாசலுக்கு வெளியே நிறுத்தினோம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இங்கே அது முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கிச் செய்யும் தொழில். நூறு வருசம் உழைக்கும் சப்பாத்தின் இரகசியம் தோலில் பாதி, அந்தக் கையில் பாதி. அந்தக் கைக்கு மரியாதை கொடுக்காத சமூகம் உழைக்கும் பொருளைப் பற்றிப் பெருமை பேச முடியாது.