கழுத்துச் சீட்டும் நற்சாட்சிப் பத்திரமும்

நம் குடியிருப்பிலிருந்து ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் குடியேறப் புறப்படும் பிள்ளைகள் அலைந்து பெறும் தாள்களுள் ஒன்று, போலீசாரின் நற்சாட்சிப் பத்திரம். இவர்மீது குற்றம் ஏதும் பதிவாகவில்லை என்பதே அதன் சாரம். பாஸ்போர்ட்டு அலுவலகத்தில் விண்ணப்பித்தால், வட்டாரப் போலீசார் விசாரித்து அறிக்கை அனுப்புவர். அதன்மேல் பத்திரம் கிடைக்கும். "தவறே செய்யாதவனை ஸ்டேஷன் வாசலில் ஏன் நிறுத்துகிறார்கள்?" என்று பெற்றோர் முணுமுணுப்பதுண்டு. அந்தமான் சரித்திரம் அறிந்தவர்க்கு அம்முணுமுணுப்பு வேறுவிதமாக ஒலிக்கும். அத்தீவுகளில் ஒரு காலத்தில் குற்றப் பதிவே பெரும்பாலோர்க்குக் குடியேறும் சீட்டாக இருந்தது.

1858 மார்ச்சு 10ஆம் நாள் டாக்டர் வாக்கர் என்பார் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் வந்திறங்கினார். (2024 முதல் அவ்வூரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) முந்தைய ஆண்டின் பெருங்கிளர்ச்சியில் அகப்பட்டோரை அடுத்து, கொலை, கொள்ளை முதலிய வழக்குகளில் தண்டனை பெற்றோரும் வந்தனர். சென்னை மாகாணத்திலிருந்தும் நம்மவர் பலர் தீவாந்தரம் அனுப்பப்பட்டனர்.

கைதியின் கழுத்தில் மரச் சீட்டொன்று தொங்கும். அவன் எண், தண்டிக்கப்பட்ட சட்டப்பிரிவு, தீர்ப்பு நாள், விடுதலை நாள் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ரயில்வேயில் பார்சல்களுக்குச் சீட்டுக் கட்டிப் பழகிய எனக்கு, அதனைப் படத்தில் கண்டபோது மனம் துணுக்குற்றது. எங்கிருந்து வந்தது, எந்நாள் விடுவிப்பது என்பதன்றி, உள்ளிருப்பது யாதென்று அச்சீட்டுக்கும் தெரியாது. 1911இல் அங்கே கொண்டுவரப்பட்ட சாவர்க்கரின் எண் 32778. விடுதலை ஆண்டு 1960. அபாயமானவர் என்பதைக் குறிக்கும் 'டி' என்ற ஆங்கில எழுத்தும் அதில் இருந்தது. இதற்கும் முன்னர் ஆயுள் கைதிகளின் நெற்றியிலேயே குற்றத்தைப் பச்சை குத்தும் கொடுமை இருந்தது. 1849ஆம் ஆண்டுச் சட்டமே அதனை ஒழித்தது.

நெற்றியை விட்டுக் கழுத்துக்கு வந்த பதிவு, பின்னர் விரல் நுனிக்கு வந்தது. 1897இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகை நிலையம் தோன்றிற்று. எட்வர்டு ஹென்றியின் பெயரால் வழங்கும் முறையை வகுப்பதில் அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் நம் நாட்டவர் இருவரின் உழைப்பு பெரிது. வேற்றூரில் வேறு பெயரில் ஒளிந்தவனையும் பழைய பதிவோடு பொருத்திக் காண அதனால் இயன்றது.

வெளிநாட்டார் குற்றப் பதிவு கேட்கத் தொடங்கியதும் புதிதன்று. ஆஸ்திரேலியாவே ஆங்கிலேயரின் கைதிகள் வந்திறங்கிய நிலம். ஆயினும் அங்குள்ள விக்டோரியா மாகாணம், தங்கம் கண்ட மறு ஆண்டாகிய 1852இல், டாஸ்மேனியத் தீவிலிருந்து வருவோர் தாம் முற்றிலும் விடுதலை பெற்றவரென்று மெய்ப்பிக்க வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. தானே கைதியாய் வந்திறங்கியவன் பின்வருவோரிடம் சீட்டுக் கேட்டான் எனலாம்! அமெரிக்கா 1875இல் குற்றவாளிகளுக்குக் கதவடைத்தது; அரசியல் குற்றத்துக்கு மட்டும் விலக்களித்தது. 1924இல் குடியேற விண்ணப்பிப்போரிடம் சிறைப் பதிவின் பிரதியையும் கேட்கலாயிற்று. இன்று ஆஸ்திரேலியா, கடந்த 10 ஆண்டுகளில் ஓராண்டு வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பத்திரம் கேட்கிறது.

அந்தமானுக்குத் திரும்புவோம். நன்னடத்தையுடன் குறித்த ஆண்டுகளைக் கழித்த கைதிக்கு வேறொரு சீட்டுக் கிடைத்தது. அதனைப் பெற்றவன் சிறைக்கு வெளியே நிலம் உழுதோ மாடு வளர்த்தோ பிழைக்கலாம். மனைவி மக்களை வரவழைக்கலாம். அனுமதி பெற்றுப் பெண் கைதியை மணக்கலாம். சாதியும் மொழியும் கடந்து அமைந்த குடும்பங்கள் அவை. அவற்றில் பிறந்த மகவின் கழுத்தில் சீட்டு இல்லை.

1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவைப் பிடித்தனர். அவ்வாட்சியில் பழைய ஏடுகள் பல அழிந்தன. 1945 அக்டோபரில் ஆங்கிலேயர் மீண்டபோது தீவாந்தரத் தண்டனைக் குடியேற்றமே ஒழிக்கப்பட்டது. சாவர்க்கரின் சீட்டிலிருந்த 1960 பிறக்க அப்போது 15 ஆண்டுகள் மீதமிருந்தன. விரும்பியோர் தாயகம் திரும்பினர். திரும்ப ஊரில்லாதோரும், திரும்ப நாணியோரும் தங்கிவிட்டனர்.

அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று '1942க்கு முற்பட்டோர்' என்ற வகுப்பில் அரசாங்கத்தால் பிற்படுத்தப்பட்டோராகக் கொள்ளப்படுகின்றனர். பாட்டன் வந்த சட்டப்பிரிவு யாதென்று அவர்களுள் பலருக்குத் தெரியாது. வெளிநாடு செல்ல அவர்களும் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். அங்கே பேரனுடைய பெயரை மட்டுமே புரட்டிப் பார்க்கிறார்கள்.