பழைய அமெரிக்க பிக்கப் வாகனங்கள்: ஒரே கொட்டிலில் எழுபது வருடம்

யாழ்ப்பாணத்தில் ஒரு கராச்சில் கற்ற தொழில்தான் கனடாவில் எனக்கு இன்றும் சோறு போடுகிறது. இங்கே என்னுடைய வேலையில் ஒரு பகுதி சற்று வித்தியாசமானது. விற்பனைக்கு வரும் பழைய அமெரிக்க பிக்கப் வாகனங்களை, வாங்க விரும்புபவர்கள் சார்பில் போய்ப் பார்த்து, வாங்கலாமா விடலாமா என்று சொல்வேன். இதைக் கேட்டு ஊரில் இருக்கும் சித்தப்பா ஒருமுறை தொலைபேசியில் சிரித்தார். "எழுபது வருசப் பழசுக்கு ஆரடா தம்பி காசு குடுக்கிறது?" என்றார். அன்று அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பிக்கப் வந்த கதை

கார் வந்த ஆரம்ப காலத்தில் அமெரிக்க விவசாயிகள் அதன் பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு, ஊர்த் தச்சரைக் கொண்டு பலகைப் பெட்டி அடித்துப் பூட்டினார்கள். 1917 இல் போர்ட் நிறுவனம் ஒரு தொன் பாரம் ஏற்றக்கூடிய 'மொடல் ரிரி' என்ற அடிச்சட்டத்தை விற்கத் தொடங்கியது. அதற்கும் பெட்டியை வாங்கியவரே செய்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையிலேயே பெட்டியுடன் செய்யப்பட்ட போர்ட் பிக்கப் 1925 ஏப்ரலில் வந்தது. அதன் விலை 281 டொலர். செவர்லே, டொட்ஜ், இன்ரநெசனல் ஹார்வெஸ்ரர், ஸ்ருடிபேக்கர் ஆகிய நிறுவனங்களும் பிக்கப் செய்தன. அரைத் தொன், முக்கால் தொன், ஒரு தொன் என்று ஏற்றக்கூடிய பாரத்தை வைத்தே இவற்றை அழைத்தார்கள். அந்தப் பேச்சு இன்றும் மாறவில்லை.

இரண்டாம் உலகப் போர் இந்தக் கதையை இரண்டாகப் பிரிக்கிறது. 1942 பெப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. தொழிற்சாலைகள் இராணுவத்துக்கு வேலை செய்தன. விவசாயிகள் இருந்த பழைய வாகனங்களை ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். போர் முடிந்ததும் அதே தொழிற்சாலைகள் அவர்களிடம் திரும்பின. இராணுவத்துக்காகச் செய்த முக்கால் தொன் வண்டியை அடிப்படையாக வைத்து, 1946 இல் டொட்ஜ் 'பவர் வாகன்' என்ற நான்கு சில்லு இழுவை வாகனத்தை விற்றது. 1947 இல் செவர்லே புதிய வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் அரைத் தொன் வண்டிதான் '3100'. 1948 இல் போர்ட் தன் 'எப்' வரிசையைத் தொடங்கியது. அந்த வரிசை இன்றுவரை தொடர்கிறது. 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப் அதுதான்.

வெளிநாட்டு வாகனங்கள் இந்தச் சந்தையைப் பிடிக்காமல் போனதற்கு ஒரு காரணம் கோழி இறைச்சி என்றால் நம்ப மாட்டீர்கள். பிரான்சும் மேற்கு ஜேர்மனியும் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி விதித்தன. பதிலுக்கு அமெரிக்கா 1964 முதல் வெளிநாட்டுச் சிறு லொறிகளுக்கு 25 வீத வரி போட்டது. கோழிச் சண்டை முடிந்து போனது. வரி மட்டும் நிலைத்துவிட்டது.

ஏன் தேடி வாங்குகிறார்கள்?

முதல் காரணம் எளிமை. 1951 ஆம் ஆண்டு செவர்லே 3100 இன் முன்மூடியைத் திறந்தால், ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒரு வரிசையில் நிற்கும். சுற்றிவர நிலம் தெரியும். காபரேற்றர், டைனமோ, டிஸ்றிபியூற்றர் எல்லாமே கைக்கு எட்டும் இடத்தில். கணினி இல்லை. ஒரு ஸ்பானர் செற்றும் பொறுமையும் இருந்தால் பாதி வேலையை வீட்டு முற்றத்திலேயே முடிக்கலாம். ஊரில் ஒஸ்ரினும் மொறிஸும் திருத்திய எவரும் இதைப் பார்த்துப் பயப்பட மாட்டார்.

இரண்டாவது, தோற்றம். உருண்ட முன்பக்கம், வெளியே துருத்தி நிற்கும் மட்கார்ட், ஏறுவதற்கு ஒரு படி, பின்பெட்டியில் இரும்புக் கீலங்களுக்கு நடுவே பதித்த பலகை. 1953 முதல் 1956 வரை வந்த போர்ட் எப்-100, பக்கங்கள் மட்டமாக்கப்பட்ட 1955 இன் செவர்லே கமியோ, 1967 முதல் 1972 வரையான செவர்லே ஆகியவற்றுக்கும் தனித்தனி விருப்பக்காரர்கள் உண்டு.

மூன்றாவது, உதிரிப்பாகம். கதவு றப்பரில் இருந்து பெட்டிப் பலகை வரை இந்த வண்டிகளுக்கு இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பழைய வாகனம் வாங்கி மூலையில் நிறுத்த வேண்டிய நிலை இல்லை.

நான்காவது காரணம்தான் பெரியது. இது வேலை செய்த வாகனம். வைக்கோலும் கன்றுக்குட்டியும் ஏற்றியது. தாத்தா ஓட்டியதைப் பேரன் பார்த்திருக்கிறான். அந்த நினைவுக்குத்தான் மனிதர்கள் காசு கொடுக்கிறார்கள்.

எதைப் பார்க்க வேண்டும்?

விற்பனைக்கு வருபவை இரண்டு வகை. ஒன்று, பிரித்துப் புதிதாகப் பூட்டிப் பெயின்ற் அடித்தது. மற்றது, தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே காப்பாற்றப்பட்டது. இரண்டாவதில் பெயின்ற் மங்கியிருக்கும், இருக்கை நைந்திருக்கும். ஆனால் ஒளித்து வைக்க எதுவும் இருக்காது. பளபளப்பான வண்டியில் பெயின்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது.

நான் எப்போதும் சட்டைப் பையில் துணி சுற்றிய காந்தம் ஒன்றை வைத்திருப்பேன். இரும்பில் ஒட்டும் காந்தம், கறல் ஓட்டையை நிரப்பிய பட்டியில் ஒட்டாது. ஓட்டுநர் அறையின் பின்மூலைகள், கதவுக்குக் கீழ்ப்பகுதி, கால் வைக்கும் தளம், அடிச்சட்டத்தில் பின் வில்லுத்தகடு பூட்டும் இடம் ஆகிய நான்கையும் முதலில் தட்டிப் பார்ப்பேன். பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடும் வட மாநிலங்களில் ஓடிய வண்டிகள் இந்த இடங்களில்தான் சாகின்றன. அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட மாநிலங்களின் வண்டிகளில் இரும்பு நன்றாக இருக்கும். றப்பரும் இருக்கைத் துணியும்தான் வெயிலில் வெடித்திருக்கும். அவற்றை மாற்றலாம். உக்கிய அடிச்சட்டத்தை மாற்றுவது பெருஞ்செலவு.

அடுத்தது இலக்கம். 17 எழுத்துகள் கொண்ட பொதுவான வாகன இலக்கம் 1981 இல்தான் வந்தது. அதற்கு முந்திய வண்டிகளில் இலக்கம் சிறியது, இடமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வண்டியில் உள்ள இலக்கமும் உரிமைப் பத்திரத்தில் உள்ளதும் ஒன்றாக இல்லாவிட்டால், எவ்வளவு அழகான வண்டியானாலும் திரும்பி வந்துவிட வேண்டும்.

வாங்கிய பின்னும் கவனம் தேவை. அந்தக் கால பிறேக் நான்கு சில்லுக்கும் ஒரே குழாய் வழி. ஓரிடத்தில் ஒழுகினால் முழு பிறேக்கும் போகும். இருக்கைப் பட்டி கிடையாது. 1950களின் நடுப்பகுதி வரை மின்சாரம் 6 வோல்ட். 3100 இன் பழைய எஞ்சினில் உருக்கி வார்த்த வைற் மெற்றல் பேரிங்தான். நெடுஞ்சாலையில் மற்றவர்களோடு போட்டி போட்டால் அது தாங்காது. மணிக்கு 80 கிலோமீற்றருக்குள் ஓடினால் பேரப்பிள்ளைகள் காலம் வரை இருக்கும்.

ஒஹையோவில் ஒரு கொட்டில்

சில வருடங்களுக்கு முன், ஒஹையோ மாநிலத்தில் ஒரு பண்ணைக்கு 1951 ஆம் ஆண்டு 3100 ஒன்றைப் பார்க்கப் போனேன். உப்பு வீதி மாநிலம் என்பதால் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. பண்ணைக்காரரின் மகள், எண்பதை நெருங்கும் அம்மா, கொட்டிலின் கதவைத் தள்ளித் திறந்தார். கரும்பச்சை வண்டி. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. "அப்பா பனிக்காலத்தில் இதை வெளியே எடுக்கவே மாட்டார்" என்றார் அவர்.

கையுறைப் பெட்டியில் 1951 இன் விற்பனைச் சிட்டை இருந்தது. ஓட்டுநர் கைநூல் இருந்தது. எந்தத் திகதியில் ஒயில் மாற்றினார் என்று பென்சிலால் எழுதிய சிறிய கொப்பி இருந்தது. கடைசிப் பக்கத்தில் எழுத்து நடுங்கியிருந்தது. அதற்குப் பிறகு மகளின் எழுத்து.

பேச்சுவாக்கில், எங்கள் ஊரில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம் என்றேன். அவர் வியப்படையவில்லை. தன்னுடைய தாத்தாவின் பழைய உழவு இயந்திரமும் பெற்றோலில் ஸ்ராட் ஆகி, சூடான பின் மண்ணெண்ணெயில்தான் ஓடியது என்றார். அவர்களுக்கு மண்ணெண்ணெய் மலிவு என்பது காரணம். எங்களுக்குப் பொருளாதாரத் தடை.

என் அப்பா ஒஸ்ரின் ஏ40 ஒன்றில் ஹயர் ஓடியவர். தொண்ணூறுகளில் சிறிய போத்தலில் வைத்திருக்கும் துளிப் பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். நான் தொழில் பழகியது அந்த எஞ்சினில்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தில் இருந்து நாங்கள் வெளிக்கிட்டபோது, அந்தக் காரில் அம்மம்மாவையும் அயல்வீட்டுக் குழந்தைகளையும் ஏற்றினோம். மற்றவர்கள் தள்ளிக்கொண்டு நடந்தோம். தென்மராட்சியில் ஒரு வளவில், மாமரத்தின் கீழ் நிறுத்தினோம். பிறகு கிளாலியால் வள்ளத்தில் வன்னிக்குப் போனபோது காரைக் கொண்டுபோக வழியில்லை. அப்பா திறப்பையும் பதிவுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார்.

2002 இல் பாதை திறந்ததும் போய்ப் பார்த்தோம். அந்த வளவில் வீடும் இல்லை, மாமரமும் இல்லை. அடிச்சட்டத்தில் ஒரு துண்டு மட்டும் புல்லுக்குள் கிடந்தது. அப்பா அதைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்து சைக்கிளில் ஏறினார். அந்தத் திறப்பு இப்போது கனடாவில் என் மேசை லாச்சியில் இருக்கிறது.

ஒரு வாகனம் எழுபது வருடம் கெடாமல் இருப்பதற்கு நல்ல இரும்பும் நல்ல ஒயிலும் போதாது. அதன் சொந்தக்காரர் அந்த எழுபது வருடமும் அதே வீட்டில் இருக்க வேண்டும். ஒஹையோ அம்மாவின் அப்பா கவனமான மனிதர். என் அப்பாவும் அதே அளவு கவனமானவர்தான். ஒருவரின் கொட்டிலுக்கு மேலால் எறிகணை போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். முள்ளிவாய்க்கால் கரையில் கறள் பிடித்துக் குவிந்து கிடந்த உழவு இயந்திரங்களையும் மோட்டார் சைக்கிள்களையும் படத்தில் பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. அவற்றுக்கும் ஒயில் மாற்றிய திகதியை ஒருவர் எழுதி வைத்திருப்பார்.

அந்த 3100 ஐ வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். கொப்பியை வண்டியோடு சேர்த்தே கொடுக்கும்படி அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கொப்பியைத் தந்தார்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். உங்கள் வளவில் இன்னும் ஒரு பழைய ஒஸ்ரினோ மொறிஸோ நின்றால், அதை இரும்பு விலைக்கு நிறுத்துக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். மழை படாமல் ஒரு கூரை போடுங்கள். சில்லை நிலத்தில் இருந்து உயர்த்தி வையுங்கள். பதிவுப் புத்தகத்தைப் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். யார் ஓட்டினார், எந்த வருடம் யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போனது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். யாராவது விலை கேட்டு வந்தால், விற்பதா விடுவதா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.