தாம்பரத்துத் தாதியர் கடன்

தமிழில் கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் உண்டு, வாங்கித் திருப்பித் தரவேண்டிய பணம் என்றும் பொருள் உண்டு. சென்னை ராஜதானியில் நர்ஸ் உத்தியோகம் வளர்ந்து வந்த சரித்திரத்தை ஊன்றிப் பார்க்கிறவர்களுக்கு, அதைக் கற்கவந்த பெண்களின் தோள்மேலிருந்த கடன் முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு மெல்ல மெல்ல இடம் மாறியிருப்பது புலப்படும்.

1871-ல் சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் நான்கே மாணவிகளோடு, ஆறு மாதப் பிரசவப் பயிற்சியாக அந்தக் கல்வி ஆரம்பமாயிற்று. அதன்பின் நெடுங்காலம் நடந்த ஏற்பாடு எளிமையானது. ஆஸ்பத்திரியே மாணவிக்கு உணவும் உறைவிடமும் கைச்செலவுக்குச் சிறு உபகாரத் தொகையும் கொடுக்கும். அவள் அதற்கு ஈடாக வார்டில் உழைப்பாள். தேறியபின் பாண்டுப் பத்திரத்தில் கண்டபடி சில ஆண்டுகள் அங்கேயே ஊழியம் செய்வாள். இது தர்ம காரியமன்று; இரவு நேரத்தில் பல வார்டுகளைத் தாங்கி நின்றவர்கள் இந்த மாணவிகள்தாம். ஆயினும் அவர்கள் பட்டது உழைப்புக் கடன். உழைப்பு முடிந்த அன்றே கடனும் முடிந்தது. 1926-ல் நிறைவேறிய நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டம் அவர்கள் பெயரை ஒரு பதிவேட்டில் ஏற்றி, தொழிலுக்குச் சட்டபூர்வமான அந்தஸ்தையும் கொடுத்தது.

இரண்டாண்டு கழித்து, 1928 ஏப்ரலில், தாம்பரத்தை அடுத்த வெட்டவெளியில் டாக்டர் சௌரிமுத்து பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு க்ஷயரோக நிலையத்தை ஸ்தாபித்தார். இங்கிலாந்தில் மெண்டிப் மலைச்சாரலில் சானடோரியம் நடத்தியவர் அவர். கணித மேதை ராமானுஜன் அங்கே சில காலம் அவருடைய சிகிச்சையில் இருந்ததுண்டு. 1937-ல் சர்க்கார் ஏற்றுக்கொண்ட அந்த நிலையத்தைக் குறிக்கும் சானடோரியம் என்ற பெயரே இன்றைக்கும் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. காற்றோட்டமான தாழ்வாரம், ஓய்வு, போஷாக்குள்ள ஆகாரம் என்பவையே பெரும்பாலும் மருந்து. ஆகவே வேளை தவறாமல் உஷ்ணமானியை நாக்கடியில் வைத்துக் குறித்துக்கொள்வதும், சளிக் கிண்ணத்தைக் கையால் எடுத்துச் சுத்தம் செய்வதும், எழுந்து நடக்கத் துடிக்கும் வாலிபனை இன்னும் ஒரு மாதம் படுத்திருக்கச் சொல்லித் தேற்றுவதுமாகிய சிசுருஷைதான் சிகிச்சையே என்று சொன்னால் மிகையாகாது. நோய் தொற்றிக்கொள்ளும் அபாயம் அந்தக் கைகளுக்கு நித்தமும் இருந்தது. அத்தகைய கைகள் தேசத்தில் எவ்வளவு அரிதாயிருந்தன என்பதற்கு 1946-ல் வெளியான, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டியின் அறிக்கையே சாட்சி: 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். அதே ஆண்டில்தான் வேலூரிலும் டெல்லியிலும் நர்ஸிங் பட்டப்படிப்பு தொடங்கியது.

எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1988-ல் இயங்கத் தொடங்கிய பிற்பாடு, சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் நர்ஸிங் கல்லூரிகளின் பெயர்ப்பலகைகள் எழுந்தன. உபகாரத் தொகை வாங்கிக்கொண்டு கற்ற வித்தையைக் கட்டணம் கட்டிக் கற்கும் காலம் வந்தது. 2001-ல் வங்கிகள் வகுத்த மாதிரித் திட்டம் நாலு லட்சம் வரை ஜாமீனில்லாமல் கல்விக் கடன் தர வழி செய்தது. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு மேற்படாத குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய சர்க்கார் 2009 முதல் ஏற்றுக்கொண்டது. எத்தனையோ ஏழைப் பெண்களைக் கல்லூரி வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்த ஏற்பாடு அது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தராசின் மறுதட்டை யாரும் கவனிக்கவில்லை. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்ட நர்ஸுகளுக்குக் கிடைத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். நாலு லட்சத்தை 10 சதவிகித வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைப்பதென்றால், படிப்புக் காலத்து வட்டியை ஒதுக்கிவிட்டாலும்கூட, மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய் ஆகும்; மிச்சம் 1,060. பதினைந்து ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 4,300-க்குச் சற்றுக் குறைவாகும்; ஆனால் கட்டி முடிக்கும் மொத்தம் ஏழே முக்கால் லட்சத்தை நெருங்கிவிடும். 2017 நவம்பரில் தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் அந்தப் பெண்கள் காலமுறை ஊதியம் கேட்டுத் தரையில் அமர்ந்ததன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகள் சம்பந்தமாக, உச்ச நீதிமன்றம் 2016-ல் பிறப்பித்த உத்தரவின்பேரில் அமைந்த கமிட்டி, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், இருநூறுக்கு மேற்பட்ட இடத்தில் சர்க்கார் சம்பளத்துக்குச் சமமாகத் தரவேண்டும் என்றும் சிபாரிசு செய்தது. சிபாரிசு சட்டமாகாது. 20,000 கைக்கு வந்தால் அந்த 6,640 அதில் மூன்றில் ஒரு பங்கு; வராவிட்டால் அந்தத் தவணையே பாரம். வளைகுடாவுக்குப் போய்க் கடனை அடைக்கலாம் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு, 1978 முதல் சென்னையில் இயங்கும் அரசு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை விசாரித்தபின் மற்றவர்களிடம் போங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வதுண்டு.

சேலையூரில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர், கொத்தனார் வேலை செய்கிறவர், மகளுக்காக இரண்டு கல்லூரிகளின் ப்ராஸ்பெக்டஸை என்னிடம் கொண்டுவந்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில் கட்டணம், விடுதி, சீருடை, பஸ் என்று வரிசையாக எழுதினோம். சொந்த ஆஸ்பத்திரி உண்டா, எத்தனை படுக்கை என்பதையும் எழுதினோம். சென்ற ஆண்டு தேறியவர்கள் கையில் என்ன வாங்குகிறார்கள் என்ற கட்டம் மட்டும் காலியாயிருந்தது. இரண்டு ப்ராஸ்பெக்டஸிலும் அது இல்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, "நல்ல பிளேஸ்மென்ட் இருக்கு சார்" என்றார்கள்.

மறுநாள் விடியற்காலையில் அந்தப் பெண் தகப்பனாரோடு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனாள். நைட் டூட்டி முடிந்து, டிபன் பையோடு செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்த ஒருத்தியிடம், "அக்கா, பிடித்தமெல்லாம் போகக் கைக்கு எவ்வளவு வருது?" என்று கேட்டாள். அவள் வண்டி வரும்வரை உட்கார்ந்து, தொகையை மட்டுமல்ல, தான் கட்டும் தவணையையும், இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்பதையும் சொன்னாளாம். மூன்றையும் அந்தப் பெண் காலண்டர் தாளில் தன் கையாலேயே எழுதிக்கொண்டு வந்தாள்.