பெயரும் குடியும்: அவுஸ்திரேலிய முதுகுடியினர் வழக்கு

அவுஸ்திரேலிய முதுகுடியினரிடையே பெயர் என்பது ஒருவரைச் சுட்டுவதோடு அமையாது, அவர்தம் உறவையும் நிலத்தையும் உணர்த்தி நிற்பதாகும். நடுப் பாலைநிலத்து வால்பிரி மக்களிடம் உறவுப் பிரிவுகள் எட்டு உள. பெற்றோரின் பிரிவு கொண்டே குழந்தையின் பிரிவுப் பெயர் அமையும். யார் யாருக்கு என்ன முறையினர், எவரை மணத்தல் தகும் என்பன அதனால் விளங்கும். ஆண்பாற் பெயர்கள் ஜகர வருக்கத்திலும் பெண்பாற் பெயர்கள் நகர வருக்கத்திலும் தொடங்கும்; ஜக்கமர்ராவின் உடன்பிறந்தாள் நக்கமர்ரா ஆவாள். இறந்தாரின் இயற்பெயரை வாளா சொல்லார். அப்பெயர் தாங்கி உயிரோடிருப்பவரையும் ‘குமன்ஜாயி’ என்றே அழைப்பர்.

1788இல் தொடங்கிய ஆங்கிலேயர் குடியேற்றத்தின்பின் இவ்வொழுங்கின்மேல் அயற்பெயர்கள் ஏறின. 1902இல் பிறந்த ஓவியர் நமட்ஜிராவுக்குப் பெற்றோர் இட்ட பெயர் எலேயா. 1905இல் ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷனில் ஞானஸ்நானம் பெற்றபோது அவர் ஆல்பர்ட் ஆனார். பின்னாளில் உலகம் அறிந்தது அப்பெயரையே.

இழந்ததை மீட்டோரும் உளர். 1964இல் தம் முதற் கவிதை நூலைக் கத் வாக்கர் என்னும் பெயரில் வெளியிட்ட கவிஞர், குடியேற்றத்தின் இருநூறாண்டு விழா நிகழ்ந்த 1988இல் ஊட்ஜரூ நூனக்கல் என்னும் பெயரை மேற்கொண்டார். முன்னது அவர் நிலத்து மரமொன்றின் பெயர். பின்னது அவர் குடியின் பெயர். விழாக் கொண்டாடிய நாட்டிற்கு, குடியேற்றத்தின் முன்னும் அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதை அப்பெயரே நினைவூட்டிற்று.