கற்பனை விலங்குகளும் உயிரியல் விதிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் நாள் யப்பானிலே, நின்டெண்டோ நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுக் கருவிக்கென 'போக்கிமொன்' என்னும் வீடியோ விளையாட்டு வெளியிடப்பட்டது. அதில் 151 கற்பனை உயிரினங்கள் இடம்பெற்றிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், பெயர், உயரம், நிறை, வாழ்க்கைமுறை பற்றிய ஓரிரு வாக்கியங்கள் என்பன விலங்கியல் அட்டவணையொன்றிற் காணப்படுவதுபோல் வகுத்துத் தரப்பட்டிருந்தன. சிறுவர் விளையாட்டொன்றுக்கு இத்துணை விவரம் எதற்கு என ஒருவர் வினவக்கூடும். ஆயின் இவ்விவரங்களே பிற்காலத்தில் உயிரியல் பயின்றோரையும் ஒரு வினாவுக்கு இட்டுச்சென்றன: இத்தகைய விலங்கொன்று உண்மையில் உயிர்வாழ வேண்டுமாயின் அதன் உடல் எவ்வாறு அமைந்திருத்தல் வேண்டும்? இவ்வினா இவ்விளையாட்டுடன் தோன்றியதன்று. ஏறத்தாழ நானூறு ஆண்டு வரலாறு அதற்குண்டு. கற்பனை விலங்கு ஆராய்ச்சிக்குரிய பொருளாக உயர்ந்தது கற்பனை கட்டற்று ஓடியதனாலன்று. அதற்கு ஓர் எல்லை விதிக்கப்பட்டதனாலேயே என்பதை அவ்வரலாறு காட்டுகின்றது.

மத்தியகால ஐரோப்பாவின் விலங்கு நூல்களிலே நெருப்புமிழும் நாகங்களும் கழுகுத்தலைச் சிங்கங்களும் நிறைந்து கிடந்தன. அவற்றை எழுதியோர் அவ்விலங்குகள் புகட்டும் நீதி யாதென வினவினரேயன்றி, அவை எதனை உண்டன, எவ்வாறு சுவாசித்தன என்று வினவினாரல்லர். வினாவின் திசையை மாற்றியோருள் முதன்மையானவராக வானியலாளர் கெப்ளரைக் கூறலாம். அவர் இறந்து நான்கு ஆண்டுகளின் பின் 1634இல் வெளிவந்த 'சொம்னியம்' என்னும் நூல் சந்திரனில் வாழும் உயிர்களைப் பற்றிப் பேசுகின்றது. சந்திரனிலே ஒரு பகல் நமது நாட்களிற் பதினான்கு அளவு நீளும், இரவும் அவ்வாறே. எனவே அங்குள்ள உயிர்கள் வெப்பத்துக்கு அஞ்சிக் குகைகளிற் பதுங்குவனவாகவும், விரைவாய்ப் பெருத்து விரைவாய் மடிவனவாகவும் இருக்கும் எனக் கெப்ளர் கருதினார். முடிபு பிழையாயினும் முறை புதியது. சூழலிலிருந்து உடலை உய்த்துணரும் முறை அது. 1698இல் வெளிவந்த ஹைகன்சின் நூலும் பிற கோள்களின் உயிர்களைப் பற்றி ஆராய்ந்தது. எனினும் அவற்றுக்கும் கையும் காலும் இருந்தேயாக வேண்டும் என்று அது வாதித்தமையால் கெப்ளரின் துணிவு அதிற் குறைவே.

எல்லையைக் கணிதமாக வகுத்தவர் கலிலியோ. 1638இல் லைடன் நகரில் அச்சான அவரது இறுதிப் பெருநூலிலே இரு எலும்புகளின் படம் ஒன்றுண்டு. ஒன்று இயல்பான எலும்பு; மற்றையது அதன் மும்மடங்கு நீளமுடையது; ஆயினும் அதே தொழிலைச் செய்யவேண்டி விகாரமாகத் தடித்திருப்பது. நீளம் மும்மடங்காகும்போது நிறை இருபத்தேழு மடங்காகும்; எலும்பின் குறுக்குப் பரப்போ ஒன்பது மடங்கே ஆகும். ஆகவே மனிதனை அவ்வாறே பெருப்பித்து அரக்கனாக்க முடியாது. இதே கணக்கை ஹால்டேன் 1926ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றிற் கதைநூல் அரக்கர்மீது பிரயோகித்து, பத்து மடங்கு உயரமுடைய அரக்கன் அடியெடுத்து வைக்கும்போதே தொடையெலும்பு முறிந்துவிடும் எனக் காட்டினார். கதைகளில் உலவும் அரக்கர்களுட் பெரும்பாலோர் இக்கணக்கின் முன் நிற்கமாட்டார்.

எல்லைக்குள் நின்று படைத்தல் அடுத்த கட்டமாகும். ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்ற எச். ஜி. வெல்ஸ் 1898இற் படைத்த செவ்வாய்க்கிரகவாசிகளுக்குச் சமிபாட்டுத் தொகுதி இல்லை. பிற உயிர்களின் குருதியை நேரே தம் நாளங்களிற் செலுத்திக்கொள்வர். இறுதியில் அவர்களை அழிப்பனவும் பீரங்கிகள் அல்ல, பற்றீரியாக்களே. எனினும் இத்துறையின் ஈடிணையற்ற படைப்பு 1957இல் ஜேர்மனியில் வெளிவந்தது எனலாம். ஹரால்ட் ஸ்டும்ப்கே என்னும் புனைபெயரிலே விலங்கியலாளர் கெரோல்ஃப் ஸ்டைனர் எழுதிய அந்நூல், மூக்கினால் நடக்கும் முலையூட்டிகளின் வருணம் ஒன்றை விவரிக்கின்றது. பசுபிக் தீவுக்கூட்டமொன்றிற் பூச்சியுண்ணும் ஒரு சிறு மூதாதையிலிருந்து அவை பல்கிப் பிரிந்தனவாம். மூக்கினாற் பின்னோக்கித் தாவுவனவும், செவிகளையே சிறகாக்கிப் பறப்பனவும், மூக்கைப் பூவாக்கிப் பூச்சிகளை ஈர்ப்பனவும் அவற்றுள் அடங்கும். நூல் முழுவதிலும் புன்னகையின் சாயலே இல்லை. உடற்கூற்றுப் படங்கள், இலத்தீன் பெயர்கள், பகுப்பாய்வு யாவும் உண்மை ஆராய்ச்சி நூலுக்குரியன. அணுகுண்டுச் சோதனையொன்றினால் அத்தீவுகள் கடலில் மூழ்கின என்று நூல் முடிகின்றது. பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கு, புகழ்பெற்ற விலங்கியலாளரான கிராசே முகத்தில் மாற்றமேதுமின்றி முன்னுரை வழங்கினார். இது வெறும் கேலியன்று. டார்வின் கண்ட தீவுப் பறவைகளின் பிரிவு எவ்விதியின்படி நிகழ்ந்ததோ அவ்விதி மூக்குக்கும் பொருந்தும் என்பதே இந்நூலின் உட்பொருள். 1981இல் டூகல் டிக்சன் எழுதிய நூல் இதே முறையை, மனிதன் அழிந்து ஐந்து கோடி ஆண்டுகளின் பின்னர் வாழக்கூடிய விலங்குகளுக்கு விரித்தது.

யப்பானின் வழி வேறு. அங்கு 1776இலேயே தொரியாமா செக்கியென் பேய்களையும் பூதங்களையும் பக்கத்துக்கு ஒன்றாக வரைந்து பட்டியலாக வெளியிட்டிருந்தார். 1967இல் ஓத்தோமோ ஷோஜி தொகுத்த நூலொன்று திரைப்படப் பெருவிலங்குகளின் வயிற்றைப் பிளந்து, நெருப்புப்பை இது, நச்சுப்பை இது என்று சிறுவருக்குப் படம் வரைந்து காட்டியது. ஆயினும் பெயரிடப்பட்ட பை விளக்கப்பட்ட பையாகிவிடாது.

போக்கிமொனை உருவாக்கிய தஜிரி சத்தோஷி 1965இற் பிறந்தவர். ரோக்கியோவின் புறத்தேயுள்ள மச்சிடாவில் வண்டுகளைத் தேடித் திரிந்து வளர்ந்தவர். வயல்களும் குளங்களும் கட்டடங்களாக மாறியதையும், பூச்சி பிடிக்கும் இன்பம் பிற்காலச் சிறுவருக்கு இல்லாதொழிந்ததையும் அவரே நேர்காணலிற் குறிப்பிட்டுள்ளார். அவ்வின்பத்தை மீட்டுத்தரும் நோக்கம் அவ்விளையாட்டின் பிறப்பில் இருந்தது. ஆதலின் அதன் விலங்குகள் சிலவற்றில் இயற்கையின் தடம் தெளிவாகப் பதிந்திருத்தல் வியப்பன்று. பூச்சியின் உடலிற் புகுந்து அதனை ஆளும் பூஞ்சணத்தை முதுகிற் சுமக்கும் 'பராஸ்' என்னும் உயிரினம் அத்தகையது. அவ்வாறான பூஞ்சணங்கள் காடுகளில் உண்மையாகவே உள்ளன.

கன்னங்களில் மின்னைச் சேமிக்கும் எலியான 'பிக்காச்சு'வை மேற்கூறிய முறையினால் ஆராய்தல் பயன்தரும். அட்டவணையின்படி அதன் உயரம் 40 சதமமீற்றர், நிறை 6 கிலோகிராம். மின்னுறுப்பு என்பது இயற்கைக்குப் புதியதன்று. மீன்களிலே அது குறைந்தது ஆறு தடவை தனித்தனியே தோன்றியுள்ளது. அவற்றுட் பெரும்பாலானவற்றில் அது தசையிலிருந்தே உருவானது. ஒருவகை மீனிற் கண்ணை அசைக்கும் தசைகளே மின்னுறுப்பாயின. கொறிக்கும் விலங்குகளுக்கோ கன்னத்தின் மெல்லும் தசைகள் மிகப் பருத்தவை. ஆகவே அத்தசைகளின் ஒரு பகுதி மின்னுறுப்பாகியிருக்கும் எனக் கொள்ளின் கன்னத்தின் சிவந்த வட்டத்துக்கு நியாயமான விளக்கம் கிடைத்துவிடுகின்றது. ஓவியருக்கு இது தெரிந்திருந்ததோ இல்லையோ, இடத்தேர்வு சிறந்தது.

இடர் அதன் பின்னரே எழுகின்றது. மின்னுறுப்புக் கலமொன்று தரும் அழுத்தம் ஒரு வோல்ற்றின் பத்திலொரு பங்கு அளவினது. மின்விலாங்கு அவற்றை ஆயிரக்கணக்கிற் தொடராக அடுக்கியே வலிமை பெறுகின்றது. 2019இல் தனியினமாக இனங்காணப்பட்ட ஒன்றில் 860 வோல்ற்று அளவிடப்பட்டது. நீர் மின்னைக் கடத்தும், காற்றோ கடத்தாது. உலர்ந்த காற்றிலே ஒரு சதமமீற்றர் தூரம் பொறி பாய ஏறத்தாழ 30,000 வோல்ற்று வேண்டும். அதற்கு மூன்று இலட்சம் கலங்கள் ஒரே தொடராக அமைதல் வேண்டும். முழங்கால் உயர எலியொன்றின் கன்னத்தில் அவை அடங்கா. எனவே திரையிற் காணும் இடிமுழக்கம் கைவிடப்படவேண்டியதே. ஆனால் விலங்கு கைவிடப்படவேண்டியதன்று. தொட்டுத் தாக்குவதாயின் அது வாழமுடியும். மின்விலாங்கு நீரிலிருந்து எழுந்து தன் மோவாயை எதிரியின் உடலிற் பதித்துத் தாக்குவதை கென்னத் கட்டானியா 2016இற் பரிசோதனை மூலம் காட்டியுள்ளார். பிக்காச்சுவும் எதிரியின்மீது கன்னத்தை அழுத்தும் விலங்காகவே இருத்தல் வேண்டும். கணக்கு அதன் வல்லமையைக் குறைத்தது. அதற்கு ஒரு நடத்தையைக் கொடுத்தது.

விளையாட்டின் மற்றொரு கூறு இவ்வாறு காப்பாற்றத்தக்கதன்று. புழு கூட்டுப்புழுவாகி வண்ணத்துப்பூச்சியாவதை அவ்விளையாட்டு, கூர்ப்பைக் குறிக்கும் யப்பானிய உயிரியற் சொல்லினாலேயே வழங்குகின்றது. அது உருமாற்றமேயன்றிக் கூர்ப்பு அன்று. தனியுயிர் கூர்ப்படைவதில்லை, தலைமுறைகளினூடாகக் குடித்தொகையே கூர்ப்படைகின்றது. சொல்லின் பிழை சிறிதெனத் தோன்றினும், முதன்முதலில் அச்சொல்லை விளையாட்டிற் கேட்ட மாணவனுக்குப் பின்னர் வகுப்பறையில் அதனைத் திருத்துதல் எளிதன்று.

கற்பனை விலங்குகள் அறிவியலின் பெயர்ப்பட்டியலுக்கும் திரும்பியுள்ளன. விழித்திரையிற் கண்டறியப்பட்ட புரதமொன்றுக்கு யப்பானிய ஆய்வாளர் 2008இல் 'பிக்காச்சுரின்' எனப் பெயரிட்டனர். 2014இற் பறக்கும் ஊர்வனவொன்றின் உயிர்ச்சுவட்டுக்கும், 2016இற் சிலி நாட்டுத் தேனீ இனமொன்றுக்கும் போக்கிமொன் பெயர்களே சூட்டப்பட்டன. இவையனைத்தினும் கருதத்தக்கது, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் சிலர் ஆங்கிலேயச் சிறுவரிடையே நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வாகும். படம் வரைந்த அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டபோது, நான்கு வயதினர் இயற்கை உயிரினங்களுள் 32 வீதத்தையும் போக்கிமொன்களுள் 7 வீதத்தையும் இனங்கண்டனர். எட்டு வயதினரோ இயற்கை உயிரினங்களுள் 53 வீதத்தை இனங்கண்ட அதேவேளை, போக்கிமொன்களுள் 78 வீதத்தை இனங்கண்டனர். அந்த ஆய்வாளர் சிறுவரைக் கடிந்தாரல்லர். தம் பொருளிற் சிறுவருக்கு ஆர்வமூட்டுவதில் விளையாட்டைப் படைத்தோர் பெற்ற வெற்றியை, இயற்கையைப் பேண முனைவோர் பெறவில்லை என்பதே அவர்தம் முறைப்பாடு.